அக்கவுன்ட் நம்பர் கேட்டுட்டாங்களா? கொஞ்சம் இருங்க!

கேளுங்க, அக்கா சொல்றேன்

போன இதழ்ல வெளிநாட்டு ஃபண்டு பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அவ்ளோதான், காசிமேடு எண்ணூர் வியாசர்பாடின்னு நம்ம வட சென்னை ஏரியாவுல இருந்தே கேள்வியா வந்து கொட்டுது. நான் வக்கீல் இல்லீங்க, தொண்டு நிறுவனங்கள்ல 22 வருஷம் கணக்கு எழுதினவ, அந்த அனுபவத்துல சொல்றேன், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர பாத்துடுங்க.

கேள்வி: அக்கா, நாங்க எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்துல மீன் விக்கிற பொம்பளைங்க சங்கம் வெச்சிருக்கோம். 2023 டிசம்பர் புயல்ல ஆத்துல எண்ணெய் கலந்து வந்துச்சே, அப்ப போட்டோ எடுக்க வந்த ஒரு ஜெர்மன்காரர் இன்னும் எங்ககூட பேசிட்டு கீறாரு. அவங்க ஊர்ல ஒரு அமைப்பு கருவாடு காய வைக்க மேடை, ஐஸ் பெட்டி இதுக்கெல்லாம் 18,000 யூரோ தரேன்னு சொல்றாங்க, அக்கவுன்ட் நம்பர் அனுப்புங்கன்னு கேக்குறாங்க. எங்க பொருளாளர் சொல்றா, சங்கத்து அக்கவுன்ட்ல போட்டா கேள்வி வரும், என் அக்கவுன்ட்ல போட சொல்லு, நாலு நாள்ல எடுத்துடலாம்னு. போட சொல்லலாமா?
– சங்கத் தலைவி, எண்ணூர்

வேணாம்மா. பொருளாளர் நல்ல பொண்ணாதான் இருப்பா, அவசரத்துல சொல்லியிருப்பா, ஆனா அந்த துட்டு அவ அக்கவுன்ட்ல விழுந்த நிமிஷத்துல இருந்து மாட்டிக்கிறது அவதான். வெளிநாட்டு நன்கொடைக்குன்னே 2010ல ஒரு சட்டம் இருக்கு, எஃப்.சி.ஆர்.ஏ.ன்னு சொல்வாங்க, டெல்லியில உள்துறை அமைச்சகம் பாக்குது. அனுமதி இல்லாம சங்க வேலைக்கு வெளிநாட்டு காசு வாங்கினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லனா அபராதம், இல்லனா ரெண்டும். சங்கத்து அக்கவுன்ட்ல போட்டாலும் அதே கதைதான், அனுமதி இல்லனா ரெண்டு அக்கவுன்ட்டும் ஒண்ணுதான்.

மொதல்ல உங்க சங்கம் என்ன சங்கம்னு பாரு. சுய உதவிக் குழுவா பேங்க்ல அக்கவுன்ட் மட்டும் இருக்கா, இல்ல தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதிவாகி நம்பர் இருக்கா? பதிவு இல்லனா மொதல்ல பதிவு பண்ணுங்க, அதுக்கு 7 பேர் இருந்தா போதும். பதிவு பண்ணியிருந்தா வருஷா வருஷம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல கொடுத்தீங்களான்னு பாரு. இங்கதான் பாதி சங்கம் படுத்துடும், எனக்கு தெரிஞ்சி நாலு வருஷ கணக்க ஒரே நாள்ல உக்காந்து எழுதினவங்க இருக்காங்க, ஒரே பேனாவுல, ஒரே மை.

எஃப்.சி.ஆர்.ஏ. முழு பதிவு வேணும்னா சங்கம் ஆரம்பிச்சி 3 வருஷம் ஆகியிருக்கணும், அந்த 3 வருஷத்துல சங்கத்தோட நோக்கத்துக்குன்னு 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். கூடை வெச்சி மீன் விக்கிறவங்க சங்கம் 15 லட்சத்துக்கு எங்க போவும், அதனால உனக்கு சரியான வழி முன் அனுமதி. ஒரு குறிப்பிட்ட நன்கொடையாளர், ஒரு குறிப்பிட்ட தொகை, ஒரு குறிப்பிட்ட வேலை, இதுக்கு மட்டும்னு கேக்குறது. அதுக்கு அந்த ஜெர்மன் அமைப்பு, இவ்ளோ தரோம், இதுக்கு தரோம்னு லெட்டர்பேடுல எழுதி கையெழுத்து போட்டு கொடுக்கணும், வாட்சப்ல ஓகேன்னு சொன்னா பத்தாது. கூடவே திட்ட அறிக்கை, நிர்வாகிங்க எல்லாரோட ஆதாரு. விண்ணப்பம் ஆன்லைன்லதான், எஃப்.சி. 3 பி ன்னு ஒரு ஃபாரம்.

அக்கவுன்ட் டெல்லியில இருக்கிற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தொறக்கணும், 2020ல கொண்டுவந்த திருத்தம் இது, வெளிநாட்டு காசு மொதல்ல அங்கதான் வந்து எறங்கணும். டெல்லிக்கு ரயில் ஏற வேணாம், நம்ம ஊரு ஸ்டேட் பேங்க் பிராஞ்சு வழியாவே பேப்பர் அனுப்பலாம். அங்க வந்த காசு அப்பால உங்க பக்கத்து பேங்குல எஃப்.சி.ஆர்.ஏ.க்குன்னே தனியா வெச்சிருக்கிற அக்கவுன்ட்டுக்கு மாத்திக்கலாம். அந்த அக்கவுன்ட்ல உங்க சந்தா காசு, கோயில் திருவிழா வசூல் எதையும் கலக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, முன்னாடி 50 இருந்துச்சி. மார்ச்சுல கணக்க முடிச்சா டிசம்பர் 31க்குள்ள ஆண்டு கணக்கு ஆன்லைன்ல ஏத்தணும்.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துல எல்லா சங்கத்துலயும் இருக்கிற பேஜாரு இது, யாராவது நிர்வாகி கட்சியில பொறுப்புல இருக்காங்களா? வட்டச் செயலாளரு, மகளிரணி அப்படி இப்படின்னு? கட்சியும் கட்சி நிர்வாகிங்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல நேரடியா இருக்கு. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே இத பேசி முடிச்சிடுங்க, பொதுக்குழு கூட்டி, மினிட் புக்குல எழுதி.

இவ்ளோ முடியாதுன்னா, ஏற்கனவே எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிற ஒரு நல்ல நிறுவனத்த புடிங்க. ஆனா 2020க்கு அப்புறம் அவங்க காச வாங்கி உங்களுக்கு மாத்தி விட முடியாது, முன்னாடி பெரிய நிறுவனம் வாங்கி சின்ன சங்கத்துக்கு பிரிச்சி கொடுக்கும், இப்ப அது தடை. அவங்களே நேரா உங்க குப்பத்துல மேடை கட்டி, பெட்டி வாங்கி வெக்கலாம். அப்ப சாவி யார்கிட்ட, வாடகை வந்தா யாருக்கு, பெட்டி ஒடைஞ்சா யாரு பாக்குறதுன்னு மொதல்லயே தாள்ல எழுதிக்கோங்க.

மேடை கட்டப் போற எடம் யாருதுன்னும் பாத்துக்கோ. மணல்ல நம்ம தாத்தா காலத்துல இருந்து காய வைக்கிறோம்னு சொன்னா ஜெர்மன்காரர் தலையாட்டுவாரு, ஆனா கடற்கரை மண்டல விதின்னு ஒண்ணு இருக்கு. மீனவருக்கு மீன் காய வைக்கிற களம் மாதிரி வசதிக்கு அதுல எடம் உண்டு, ஆனாலும் மீன்வளத் துறையிலயும் மாநகராட்சியிலயும் எழுத்துல ஒரு தாள் கைல இருக்கணும், இல்லனா கட்டி முடிச்ச அப்புறம் ஜேசிபி வந்து நிக்கும்.

கேள்வி: அக்கா வணக்கம், வியாசர்பாடியில நாங்க பசங்களுக்கு இலவசமா பாக்ஸிங் சொல்லித் தர்றோம். என் மாமா பையன் லண்டன்ல இருக்கான், மாசம் மாசம் கொஞ்சம் காசு, வருஷத்துக்கு ஒரு தடவ அங்க ஒரு கிளப்புல இருந்து பழைய கிளவுஸ், ஹெட்கார்டு அனுப்புறேன்னு சொல்றான். சொந்தக்காரன்தானே, இதுக்கும் டெல்லியா?
– ஒரு கோச், வியாசர்பாடி

தம்பி, மாமா பையன் பாஸ்போர்ட்டு என்ன கலருன்னு கேளு. இந்திய பாஸ்போர்ட்டுன்னா அவன் லண்டன்ல இருந்தாலும் நிலாவுல இருந்தாலும் இந்தியன்தான், அவன் சொந்த சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்புறது வெளிநாட்டு நன்கொடையில சேராது. பிரிட்டிஷ் சிட்டிசன் ஆயிட்டான்னா, வெளிநாட்டு குடிமகனான இந்திய வம்சாவளிக்காரருக்கு கொடுக்கிற ஓ.சி.ஐ. கார்டு வெச்சிருந்தாலும் சட்டத்துக்கு அவன் வெளிநாட்டு ஆளுதான், உன் கிளப்புக்கு அவன் 500 ரூபா அனுப்பினாலும் அனுமதி வேணும். சொந்தக்காரனா உனக்கு, உன் வீட்டு செலவுக்கு அனுப்பலாம், அது வேற. அத வாங்கி கிளப்புக்கு செலவு பண்ணா, அக்கவுன்ட் பேரு மட்டும்தான் மாறியிருக்கு.

கிளவுஸ் விஷயத்துல எல்லாரும் ஏமாறுறாங்க, பொருள் தானே காசு இல்லியேன்னு. சட்டத்துல பொருளும் நன்கொடைதான், தனி ஆளுக்கு அவன் சொந்த உபயோகத்துக்கு கொடுக்கிற சின்ன பரிசுக்குதான் விலக்கு. லண்டன் கிளப்பு உங்க கிளப்புக்கு பெட்டி கட்டி அனுப்பினா அது அந்த விலக்குல வராது.

என்ன கேட்டா, உங்களுக்கு லண்டன விட மணலி கம்பெனிங்கதான் கிட்ட. 2013 கம்பெனி சட்டத்துல பெரிய கம்பெனிங்க கடைசி 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும், விளையாட்டு பயிற்சியும் அதுல உண்டு. அதுக்கு உன் கிளப்பு பதிவாகி, வருமான வரித்துறையில 12ஏ (உங்களுக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை) வாங்கி, இந்த கம்பெனி காச வாங்குறதுக்குன்னே சி.எஸ்.ஆர். 1 ன்னு ஒரு பதிவும் வாங்கணும், பதிவாகி 3 வருஷமாவது வேல பண்ணியிருக்கணும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வெளிநாட்டு கார் கம்பெனி கொடுத்தா அதுவும் வெளிநாட்டு காசான்னு கேப்ப, இங்க பதிவான கம்பெனி, அந்நிய முதலீட்டு வரம்புக்குள்ள இருந்தா அது வெளிநாட்டு காசு இல்ல, 2016லயே மாத்திட்டாங்க.

கேள்வி: ராயபுரத்துல ஒருத்தர் எல்லா எம்பஸியிலயும் ஆள் தெரியும், புராஜெக்ட் எழுதி தரேன், வர்ற காசுல 15 பர்சன்ட், அட்வான்ஸ் 25,000னு சொல்றாரு. நம்பலாமா மேடம்?
– குடியிருப்போர் நலச் சங்கம், ராயபுரம்

இன்னா உதாரு! எம்பஸியில ஆள் தெரிஞ்சா ஃபண்டு வராது, விண்ணப்பம் வெளிப்படையா இருக்கு, தேதி இருக்கு, விதி இருக்கு. வர்ற காசுல பர்சன்ட்டு எந்த பட்ஜெட்லயும் எழுத முடியாது, எந்த நன்கொடையாளரும் ஒத்துக்க மாட்டாங்க. அப்ப அந்த 15 பர்சன்ட்ட நீங்க எங்க இருந்து கொடுப்பீங்க, சிமென்ட்டு பில்லுல ஏத்தியா? எழுதத் தெரிஞ்சவங்களுக்கு நாள் கூலி மாதிரி ஒரு தொகை பேசி உங்க சொந்த காசுல கொடுங்க, காசு வந்தாலும் வரலன்னாலும் அது அவங்க உழைப்பு. அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா இல்லியான்னு எழுதல, கொடுக்கலன்னா அப்படியே ஜகா வாங்கிடுங்க.

கேள்வி: அக்கா, சின்ன சங்கத்துக்கு யாரு யாரு தருவாங்க, எங்க தேடறது? எங்ககிட்ட எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கு, ஆனா ரெண்டு வருஷமா கணக்குல பூஜ்யம்தான்.
– செயலாளர், கொருக்குப்பேட்டை

பதிவு இருக்குன்னா நீங்க ராஜா. பூஜ்யமா இருந்தாலும் டிசம்பர் கணக்கு ஏத்திட்டே வாங்க, 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறதையும் கடைசி வாரத்துக்கு வெக்காதீங்க, முடியறதுக்கு 4 மாசம் முன்னாடியே போட்டுடணும்னு 2025ல சொல்லிட்டாங்க.

ஜப்பான் துணைத் தூதரகம் சென்னையிலயே இருக்கு, அடித்தட்டு மக்களுக்கான சின்ன உதவித் திட்டம் ஒண்ணு 1989ல இருந்து நடத்துறாங்க, ஒரு திட்டத்துக்கு ரொம்ப நாளா வழக்கமா 1 கோடி யென் வரைக்கும்தான் கொடுத்தாங்க, இப்ப எவ்ளோன்னு கேட்டுக்கோங்க. கோடின்னதும் எழுந்து நிக்காதீங்க, ஒரு யென்னு அரை ரூபாய்க்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். கட்டடம், வண்டி, மெஷின் மாதிரி பொருளுக்கு வரும், சம்பளத்துக்கு வராது. ஆஸ்திரேலியாவும் இதே மாதிரி சின்ன மானியம் ஒண்ணு வெச்சிருக்கு. ஆத்து வாய், அலையாத்தி, குப்பை மாதிரி வேலைன்னா உலக சுற்றுச்சூழல் வசதின்னு சொல்ற ஜி.இ.எஃப். அமைப்போட சிறு மானியத் திட்டம் இருக்கு, 1992ல இருந்து, ரொம்ப நாளா 50,000 டாலர்தான் உச்சம். அது ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியா நடக்குது, ஐ.நா. அமைப்புங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டு மூலம்னு கணக்குல வராதுன்றது ஒரு சௌகரியம்.

ஐரோப்பிய யூனியன் பெருசு, மொதல்ல நாலஞ்சி பக்கத்துல திட்டத்தோட சுருக்கம், கான்செப்ட் நோட்டுன்னு சொல்வாங்க, அதுல தேறினாதான் முழு விண்ணப்பம். உங்க பங்கு எவ்ளோ போடுவீங்கன்னு கேப்பாங்க, ஆபீஸ் வாடகை கரண்டு பில்லு மாதிரி மறைமுக செலவுக்கு 7 சதவீதம்தான் உச்சம். மொத தடவையே அங்க தனியா போகாதீங்க, யாராவது பெரிய அமைப்புக்கு துணையா பேர் சேத்துக்கோங்க. உங்ககிட்ட பதிவு இருக்கிறதால உங்க பங்கு காசு நேரா அங்க இருந்தே உங்க அக்கவுன்ட்டுக்கு வர்ற மாதிரி ஒப்பந்தம் போடணும், இங்க இருக்கிற இன்னொரு நிறுவனம் வழியா வரக் கூடாது.

ஒரே ஆள நம்பியும் இருக்காதீங்க. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய ஒரே கையெழுத்துல நிறுத்திச்சி, அத நம்பி ஆள் வெச்சிருந்த எத்தினி நிறுவனம் அடுத்த மாச சம்பளத்துக்கு முழி பிதுங்கி நின்னாங்கன்னு அந்த துறையில இருக்கிறவங்கள கேளுங்க.

கேள்வி: கான்செப்ட் நோட்டு, லாக்ஃப்ரேம்னு சொல்றாங்களே, எட்டாவது படிச்ச நாங்க எழுத முடியுமா?
– மூணு பேர், காசிமேடு

லாக்ஃப்ரேம் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, 1969ல அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக செஞ்ச ஒரு கட்டம் போட்ட தாளு. என்ன மாறணும், அதுக்கு என்ன செய்வீங்க, மாறிடுச்சின்னு எப்படி தெரியும், எது நடக்கலன்னா எல்லாம் கெட்டுடும், இவ்ளோதான் கேள்வி.

போன வருஷம் ஒரு சங்கம் எழுதி எடுத்துட்டு வந்தாங்க, மொத வரி "மீனவ மகளிரின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தி அதிகாரமளித்தல்". எந்த ஊருக்கு வேணா பொருந்தும், அதனால எந்த ஊருக்கும் பொருந்தாது. அத அடிச்சிட்டு, கருவாடு எப்ப கெடுதுன்னு கேட்டேன். ஒரு பாட்டி சொல்லுச்சி, "ஐப்பசி கார்த்திகையில மணல்ல போட்டா பாதி ஈ மொய்ச்சி புழு வெச்சிடும், மணலும் ஒட்டிக்கும், நாலு கூடை காய வெச்சா ரெண்டு கூடைதான் சந்தைக்கு போவும்". அதுதாம்மா திட்டம்! அந்த பாட்டி சொன்னத அப்படியே எழுது, அப்பால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி மூணு மாசம் தினமும் எழுது, தேதி, எத்தினி கிலோ காய வெச்சீங்க, எத்தினி கொட்டினீங்க, என்ன வெலைக்கு போச்சி. அவங்க பேஸ்லைன்னு, அதாவது ஆரம்ப நிலைக் கணக்குன்னு சொல்றது இந்த நோட்டதான். காசு வந்து மேடை போட்ட அப்புறம் அதே நோட்டுல அடுத்த மூணு மாசம். எண்ணிக்கைய நீங்களா ஊதி எழுதாதீங்க, ரெண்டாவது வருஷம் அவங்க நேர்ல வருவாங்க, பாட்டிய தனியா கேப்பாங்க.

காலத்தையும் பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, மீன் வரத்து கம்மி. இது தெரியாத யாரோ எழுதி கொடுத்த அட்டவணையில "மே மாதம் 500 கிலோ உற்பத்தி"ன்னு இருந்துச்சி, நான் பாக்கலன்னா அப்படியே போயிருக்கும். அந்த ரெண்டு மாசத்த கணக்கு, பேக்கிங் கத்துக்கிறதுக்கு வெச்சா சரியா இருக்கும்.

பட்ஜெட்டுல எதையும் மொத்தமா "இதர செலவு"ன்னு போடாதீங்க, ஐஸு எத்தினி கட்டி, ஆட்டோ எத்தினி நடை, தாம்பு கயிறு எவ்ளோன்னு போடுங்க. பில்லு இல்லாத செலவுக்கு வவுச்சர் எழுதி, வாங்கினவர் பேரு, போன் நம்பரு, கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேலன்னா ரெவின்யூ ஸ்டாம்பு. இத நான் பட்டு கத்துக்கிட்டது. ஒரு நிறுவனத்துல கணக்கு பாத்தப்போ ரெண்டு வருஷம் கழிச்சி வெளிநாட்டுல இருந்து ஆடிட்டர் வந்தாரு, நான் பெருமையா ஃபைல தூக்கி வெச்சேன், தொறந்தா மெஷின்ல வர்ற துண்டு பில்லு எல்லாம் வெள்ளை வெளேர்னு கீது, ஒரு எழுத்து இல்ல. பெட்ரோல் பங்க்கு, ஹார்டுவேர் கடை, மருந்துக்கடை, எல்லாம் பளிச்சின்னு வெறும் தாளு. அந்த ஆளு வெளிச்சத்துல தூக்கி புடிச்சி புடிச்சி பாத்தாரு, எனக்கு நிக்கவும் முடியல குந்தவும் முடியல, கடைசியில அந்த தொகைய நிறுவனம் கையில இருந்து கட்டுச்சி. அன்னில இருந்து துண்டு பில்லு வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிடுவேன், வீட்டு மளிகை பில்லு உட்பட, என் பையன் இன்னும் கிண்டல் பண்றான்.

கேள்வி: சென்னைக்கு டென்வர், சான் அன்டோனியோன்னு சகோதர நகரங்கள் இருக்காமே. அவங்ககிட்ட நம்ம ஏரியாவுக்கு நேரா கேக்கலாமா?
– ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர், தண்டையார்பேட்டை

ஆமாங்கய்யா, டென்வர் 1984, சான் அன்டோனியோ 2008. அதெல்லாம் மாநகராட்சி அளவுல கை குலுக்குற உறவு, காசு வர்ற குழாய் இல்ல. நம்ம பக்கத்துக்கு வந்த பெரிய வெளிநாட்டு காசு வேற மாதிரி, கொசஸ்தலை ஆத்து படுகையில மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல 251 மில்லியன் டாலர் ஒத்துக்கிச்சி, ஆனா அது கடன், அரசாங்கத்துக்கு. அதுல உங்க சங்கத்துக்கு பங்கு இல்ல, உங்க தெருவுல பள்ளம் தோண்டி மூடலன்னா குறை சொல்ல எடம் உண்டு, அந்த மாதிரி திட்டத்துல குறை தீர்க்கிற ஏற்பாடு கட்டாயம் இருக்கணும். அத பயன்படுத்துங்க.

கேள்வி: வெளிநாட்டுக்காரன் காசு வாங்கினா நம்மள ஆட்டி வைப்பான்னு எங்க ஆத்துக்காரர், சாரி, வீட்டுக்காரர் சொல்றாரு. நாங்க கத்துக்கணும்னுதான் ஆசை, காசு கூட வேணாம். அப்படி ஒண்ணு இருக்கா?
– மீன் வியாபாரி, திருவொற்றியூர்

வீட்டுக்காரர் பயத்துல பாதி நியாயம் இருக்கு, எவன் காசு கொடுக்கிறானோ அவன் கேள்விதான் ஓடும். காசில்லாம வர்ற உறவு நம்ம ஊர்லயே கிடக்கு, யாரும் போய் தட்டறதில்ல. வங்காள விரிகுடா திட்டம்னு ஒண்ணு, 1979ல ஐ.நா. உணவு அமைப்பு மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, 2003ல இருந்து இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மாலத்தீவு நாலு அரசும் சேர்ந்து நடத்துற அமைப்பு, ஆபீஸ் அபிராமபுரத்துல. சிறு மீனவர் பக்கம் நின்னு பேசுற ஒரு சர்வதேச கூட்டமைப்பும் 1986ல இருந்து இருக்கு, அதுக்கும் சென்னையில ஆபீஸ் உண்டு. திருவொற்றியூர்ல பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போய் வந்துடலாம், உலக மீனவர் சமாச்சாரம் அங்க தமிழ்லயே கேக்கலாம்.

பெரம்பூர் மில்லுல 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, அதோட தலைவரு பி.பி. வாடியா அடுத்த வருஷமே கப்பல் ஏறி லண்டன்ல போய் நம்ம தொழிலாளி கஷ்டத்த பேசிட்டு, வாஷிங்டன்ல நடந்த மொத உலகத் தொழிலாளர் மாநாட்டுக்கும் போனாரு. வட சென்னைக்கு உலகத்தோட பேசுறது புதுசில்லன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

வெளிநாட்டுல கூட்டத்துக்கு கூப்ட்டு டிக்கெட்டும் ரூமும் அவங்களே போட்டாங்கன்னா, நீங்க அரசு ஊழியரோ அரசு நிறுவன ஊழியரோ நீதிபதியோ மக்கள் பிரதிநிதியோ கட்சி நிர்வாகியோ இல்லாத வரைக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி தேவையில்ல. பாஸ்போர்ட்டு மட்டும் இப்பவே எடுத்து வெச்சிடுங்க, கூப்பிடுறவங்க மூணு வாரம் முன்னாடிதான் கூப்பிடுவாங்க.